எரிகிற மஞ்சள் விளக்கும் இழுக்காத வண்டியும்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். காருக்கும் ஒரு மணியோசை உண்டு. ஸ்டியரிங்குக்குப் பின்னால், ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில், எஞ்சின் படம் போட்ட ஒரு சின்ன மஞ்சள் விளக்கு. அது எரிந்தால் என்ன அர்த்தம் என்று பத்து ஓட்டுநர்களைக் கேட்டுப் பாருங்கள். பத்து விதமான பதில் வரும். அதில் அடிக்கடி கேட்கக் கிடைப்பது இதுதான்: "சென்சார் கோளாறு சார், ஒண்ணும் ஆகாது, ஓட்டுங்க!"

ஒன்றும் ஆகாமல் போனால் சந்தோஷம்தான். ஆனால் ஆகிவிடுகிறதே...

ஜூஜுவாடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓசூரிலிருந்து பெங்களூர் பக்கம் போகிறவர்களுக்கு அது தமிழ்நாட்டின் கடைசி ஊர். அந்தப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு முதல் ஊர். அதைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. ஊரை ஒட்டி ஓடுவது ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44. பழைய ஆட்களுக்கு அது இன்னும் "என்.எச்.7" தான். சோதனைச் சாவடி, லாரி வரிசை, கம்பெனி பஸ், கால் டாக்ஸி, எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் கார்கள், நடுவில் புகுந்து புறப்படும் பைக்குகள் என்று அந்தச் சாலை தூங்கி யாரும் பார்த்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓசூர் வண்டி பிறக்கிற ஊர். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்டு லாரிகளும் டி.வி.எஸ். மோட்டார் பைக்குகளும் இங்கிருந்து நாடு முழுக்கப் போகின்றன. 2021-லிருந்து ஏதர் மின்சார ஸ்கூட்டரும் இங்கே தயாராகிறது. உதிரி பாகம் செய்யும் சிறு பட்டறைகளுக்குக் கணக்கே இல்லை. தெருவுக்கு நாலு பேர் எஞ்சினோடு சம்பந்தப்பட்ட வேலை செய்கிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரின் வாசலிலேயே, போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் வண்டிகளையும், தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும் ஓட்டுநர்களையும் பார்க்க முடிகிறது. எஞ்சினைச் செய்யத் தெரிந்த ஊருக்கே எஞ்சின் சொல்வதைக் கேட்கத் தெரியவில்லை என்றால், குறை எங்கே இருக்கிறது?

விளக்கு யாருக்காகப் பிறந்தது?

பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று. அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு ஓட்டுநரின் பாதுகாப்புக்காகப் பிறந்ததே அல்ல. புகைக்காகப் பிறந்தது!

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் காற்று மாசு தாங்க முடியாமல் போனபோது, புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் பழுதானால் வண்டியே அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று 1980-களின் கடைசியில் விதி வந்தது. அதன் வளர்ந்த வடிவமான ஓபிடி-2, 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு ஊசி கொண்ட ஒரு சாக்கெட், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான பிழை எண்கள், ஒரு மஞ்சள் விளக்கு. அவ்வளவுதான் ஏற்பாடு. ஐரோப்பாவில் 2001-ல் பெட்ரோல் கார்களுக்கு வந்தது. இந்தியாவில் பி.எஸ்.4 வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோது பைக்குகளுக்கும் சேர்த்து வந்துவிட்டது.

ஆக, அந்த விளக்கின் முதல் கேள்வி "புகை அதிகமாகிறதா?" என்பதுதான். "வண்டி நடுரோட்டில் நிற்குமா?" என்பது அதன் நேரடிக் கேள்வி அல்ல. குழப்பம் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் பெட்ரோல் டேங்கின் மூடியைச் சரியாகத் திருகாவிட்டாலும் அதே விளக்கு எரியும். சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறி, சைலன்சர் வழியிலிருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பழுக்கக் காய்ந்து உருகும் நிலையில் இருந்தாலும் அதே விளக்குதான். காய்ச்சலுக்கும் மாரடைப்புக்கும் ஒரே மணி அடித்தால் நோயாளி என்ன செய்வான்? முதல் தடவை பயப்படுவான், இரண்டாம் தடவை சலித்துக்கொள்வான், மூன்றாம் தடவை கண்டுகொள்ள மாட்டான்!

ஆனாலும் அந்த விளக்குக்கு ஒரு சின்ன இலக்கணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும்.

சிவப்பு என்றால் நிறுத்து. ஆயில் டின் படம், தெர்மாமீட்டர் படம் இரண்டும் சிவப்பில் எரிந்தால் "அடுத்த பங்க் வரை போயிடலாம்" என்ற பேச்சே கூடாது. ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடும் எஞ்சின் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும். பேட்டரி படம் சிவப்பில் எரிந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை என்று பொருள். பேட்டரியில் மீதி இருக்கும் வரை வண்டி ஓடும், அப்புறம் எல்லாம் சேர்ந்து அணையும்.

மஞ்சள் நிலையாக எரிந்தால், வண்டி ஓடும், ஆனால் சீக்கிரம் காட்டு என்று பொருள். மஞ்சள் விட்டு விட்டு மின்னினால், உடனே வேகத்தைக் குறை என்று பொருள். எஞ்சின் மிஸ்ஃபயர் ஆகிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தி ஓட்டுவது, அடுப்பில் கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

நிலையாக எரிவதற்கும் மின்னுவதற்கும் உள்ள இந்த ஒரு வித்தியாசத்தை எத்தனை டிரைவிங் ஸ்கூல் சொல்லிக் கொடுக்கிறது? எட்டு போடச் சொல்லிக் கொடுக்கிறார்கள், கையைக் காட்டச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கண்ணுக்கு முன்னால் இருக்கிற டேஷ்போர்டைப் படிக்கச் சொல்லிக் கொடுப்பவர்கள் அபூர்வம்.

"பிக்கப் போயிடுச்சு அண்ணா"

சரி, விளக்கு எரிந்த கையோடு வண்டி திடீரென்று இழுக்காமல் போவது ஏன்?

பழைய கார்களில் ஆக்சிலேட்டர் பெடலிலிருந்து எஞ்சினுக்கு ஒரு கேபிள் போகும். காலால் அழுத்தினால் கம்பி இழுக்கும், காற்று உள்ளே போகும். இப்போதைய கார்களில் அந்தக் கம்பி கிடையாது. பெடலில் இருப்பது இரண்டு சென்சார்கள். அவை கால் எவ்வளவு அழுத்துகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கின்றன. கம்ப்யூட்டர் மோட்டாரை வைத்து காற்றுக் கதவைத் திறக்கிறது. இரண்டு சென்சாரும் ஒரே கதையைச் சொன்னால் பிரச்னை இல்லை. ஒன்று ஒன்றும் மற்றது வேறொன்றும் சொன்னால் கம்ப்யூட்டர் யாரை நம்பும்? யாரையும் நம்பாது. கார் தானாகப் பாய்ந்துவிடக் கூடாது என்ற பயத்தில், எஞ்சினின் பலத்தை வேண்டுமென்றே குறைத்துவிடும். "லிம்ப் ஹோம்" என்று இதற்குப் பெயர். நொண்டிக்கொண்டே வீடு போய்ச் சேர் என்று அர்த்தம்! வண்டி நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக மறுக்கும்.

டர்போ குழாய் விரிசல் விட்டாலும் இதே கதை. டீசல் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும், இக்னிஷன் காயில் ஒன்று செத்தாலும் பலம் குறையும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரும் வழியில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம், ஓசூர் சுமார் 900 மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் நானூறு மீட்டர் ஏற வேண்டும். சமவெளியில் சமாளித்துக்கொண்டு வந்த எஞ்சின் ஏற்றத்தில் உண்மையைச் சொல்லிவிடும்.

பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் இன்னொரு புது விருந்தாளி வந்திருக்கிறது. டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி. சைலன்சர் வழியில் உட்கார்ந்து கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்து வைத்ததை அவ்வப்போது சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துச் சாம்பலாக்கும். அந்தச் சூடு வர வேண்டுமானால் வண்டி நிற்காமல் ஒரே வேகத்தில் பதினைந்து இருபது நிமிடம் ஓட வேண்டும். ஓசூருக்கும் சில்க் போர்டுக்கும் இடையில் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போய் வரும் வண்டிக்கு அந்த வாய்ப்பு எங்கே கிடைக்கும்? கரி சேர்ந்துகொண்டே போகும். முதலில் அதற்கென்று இருக்கும் மஞ்சள் விளக்கு எரியும். கண்டுகொள்ளாவிட்டால் எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரியும். அதற்கும் மசியாவிட்டால் வண்டியின் பலம் போகும். முதல் விளக்கு எரிந்த அன்றே ஞாயிற்றுக்கிழமை காலையில் கிருஷ்ணகிரி டோல் வரை ஒரு முறை நிதானமாக ஓட்டிவிட்டு வந்திருந்தால் பெரும்பாலும் வேலை முடிந்திருக்கும். செலவு டீசலும் சுங்கமும் மட்டும். விட்டுவிட்டால் ஃபில்டரையே மாற்றும் நிலை வரும், பில்லைப் பார்த்தால் தலை சுற்றும்.

லாரிக்காரர்களுக்கு வேறொரு தலைவலி. புகையைச் சுத்தம் செய்ய ஆட்புளூ என்ற யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டும். சுத்தமான தண்ணீரில் 32.5 சதவீதம் யூரியா. அது தீர்ந்துபோனால் எச்சரிக்கை விளக்கு எரிந்து, பிறகு எஞ்சினின் பலத்தைக் கம்ப்யூட்டர் குறைத்துவிடும். செலவை மிச்சம் பிடிக்க வயலுக்குப் போடும் யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றினால், சிக்கனம் வடிகட்டியின் தலையில் விடியும்.

கவனிக்க வேண்டியது ஒன்று. மேலே சொன்ன பலவற்றில் எஞ்சின் "கெட்டுப்போய்" பலம் இழக்கவில்லை. கம்ப்யூட்டர் முடிவு செய்து பலத்தைக் குறைக்கிறது. காரணமும் அதற்குத் தெரியும். ஆனால் ஓட்டுகிறவனிடம் சொல்வதில்லை. ஒரு மஞ்சள் படத்தைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. டச் ஸ்கிரீனில் சினிமாப் பாட்டின் பெயரையும் பாடகர் பெயரையும் காட்டத் தெரிந்த காருக்கு, "பெடல் சென்சார் பழுது, மெதுவாக ஓரம் கட்டவும்" என்று ஒரு வரி காட்டத் தெரியாதா? தெரியும். காட்ட வைக்கத்தான் யாரும் இல்லை.

விளக்கே எரியாமல் அணைந்தால்?

இதுவரை சொன்னது மணியோசை கேட்ட கதை. மணியோசையே இல்லாமல் யானை வந்த கதையும் உண்டு.

2020 ஜூனில் ஹோண்டா கார் கம்பெனி இந்தியாவில் 65,651 கார்களைத் திரும்ப அழைத்தது. 2018-ல் தயாரான அந்தக் கார்களின் பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் சுழலியில் குறை. நாளடைவில் எஞ்சின் நின்றுவிடலாம், அல்லது ஸ்டார்ட் ஆகாமல் போகலாம் என்று கம்பெனியே சொன்னது. அடுத்த மாதம் மாருதி சுசூகி, வேகன் ஆர், பலேனோ இரண்டிலும் சேர்த்து 1,34,885 கார்களை அதே பெட்ரோல் பம்புக்காக அழைத்தது. 2021 ஏப்ரலில் ஹோண்டா மறுபடியும் 77,954 கார்களை அழைத்தது. 2024 மார்ச்சில் மாருதி 16,041 கார்களை அழைத்தது. எல்லாவற்றுக்கும் காரணம் பெட்ரோல் பம்ப்தான்! அழைத்து இலவசமாக மாற்றிக் கொடுத்தது பாராட்ட வேண்டிய விஷயமே. ஆனால் அழைப்பு வந்ததா, வந்தபோது போனார்களா என்பது வேறு கேள்வி. கார் இரண்டாம் கை மூன்றாம் கை மாறியிருந்தால் கடிதமும் எஸ்.எம்.எஸ்.ஸும் முதல் உரிமையாளருக்குத்தான் போயிருக்கும்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் சாட்சி. அதன் சில கார்களில் சாவி போடும் சுவிட்ச் தளர்வாக இருந்தது. கனமான சாவிக்கொத்தோ ஒரு குலுக்கலோ போதும், ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி தானாகத் திரும்பி எஞ்சின் அணைந்துவிடும். அதோடு பவர் ஸ்டியரிங் போகும், ஏர்பேக்கும் விரியாது. கம்பெனிக்குள் பல ஆண்டுகளாகத் தெரிந்திருந்தும் 2014-ல்தான் திரும்ப அழைத்தார்கள். அந்தக் குறையால் 124 பேர் இறந்ததாக இழப்பீட்டு நிதியின் கணக்கு முடிந்தது. 2015-ல் 90 கோடி டாலர் கட்டி அரசு வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். ஒரு சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங் சமாச்சாரம்!

இந்தியாவிலும் சட்டம் வந்திருக்கிறது. 2019-ம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. அதன் விதிகள் 2021 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தன. அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் புகார் வந்தால்தான் அரசுக்குக் குறை தெரியும். "வண்டி நின்னுடுச்சு, மெக்கானிக் ஏதோ பண்ணினார், ஓடுது" என்று போய்விட்டால் அந்தச் சம்பவம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

மெக்கானிக் மேல் மட்டும் பழி போடலாமா?

விளக்கு எரிந்தால் பேட்டரி கம்பியைக் கழற்றி மாட்டுவது, ஸ்கேனரை வைத்து எண்ணை அழித்துவிட்டு "சரியாயிடுச்சு சார்" என்பது, இன்னும் மோசமாக விளக்கின் வயரையே துண்டித்துவிடுவது... இதெல்லாம் நடக்கிறது. விற்கப் போகும் காரில் இன்னும் கூடுதலாக நடக்கிறது. இது நோயைக் குணமாக்காமல் தெர்மாமீட்டரை உடைக்கும் வைத்தியம். தப்புதான்.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டாமா? நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் மெக்கானிக்கிடம் என்ன இருக்கிறது? ஸ்பேனர் செட்டும், முப்பது வருஷ அனுபவமும், காதும். சத்தத்தைக் கேட்டே டேப்பட் லூஸ் என்று சொல்லக்கூடிய ஆள் அவர். ஆனால் கம்ப்யூட்டரின் குறை காதில் கேட்காது. பொதுவான பிழை எண்களைச் சாதாரண ஸ்கேனர் காட்டும். பி0300 என்றால் மிஸ்ஃபயர் என்று அதில் வரும். அதற்குமேல் ஆழமாகப் போக வேண்டுமானால் அந்தந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேர் வேண்டும், வயரிங் படம் வேண்டும். அவை பெரும்பாலும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குள்தான் இருக்கும்.

இது புலம்பல் அல்ல, தீர்ப்பே வந்த விஷயம். 2011-ல் ஒரு தனி மனிதர் கொடுத்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தது தவறு, திறந்த சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றது ஆணையம். பயிற்சி இல்லாதவர்கள் கை வைத்தால் ஆபத்து என்று கம்பெனிகள் சொன்ன வாதம் எடுபடவில்லை. பிறகு வழக்கு மேல்முறையீடு, நீதிமன்றம் என்று நீண்டுகொண்டே போனது. 2022 டிசம்பரில் மத்திய அரசு "பழுது பார்க்கும் உரிமை" என்று ஒரு இணையதளம் தொடங்கியது, அதில் வாகனமும் ஒரு துறை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லேயே மக்கள் ஓட்டுப் போட்டு இந்த உரிமையை வாங்கிவிட்டார்கள். இங்கே ஆணையம் சொல்லியும் தகரக் கொட்டகைக்குத் தகவல் வந்து சேரவில்லை.

கம்பெனிகள் சொல்வதில் துளியும் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஏர்பேக், பிரேக் கம்ப்யூட்டர் போன்றவற்றில் தெரியாதவர் கை வைத்தால் விபரீதம்தான். ஆனால் அதற்குத் தீர்வு பயிற்சி கொடுப்பது, பூட்டி வைப்பதா தீர்வு? பூட்டி வைத்தால் மெக்கானிக் சும்மா இருக்கப் போவதில்லை. குத்துமதிப்பாகக் கை வைப்பார். அதுதான் பெரிய ஆபத்து.

ஓட்டுநரின் கணக்கு

"விளக்கு எரிந்தவுடன் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டியதுதானே, உயிரைவிடப் பணம் பெரிதா?" என்று கேட்பது சுலபம். கடனில் கார் வாங்கி ஓட்டும் ஒரு கால் டாக்ஸி ஓட்டுநரை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய வருமானம் போச்சு, தவணை மட்டும் நிற்காது. சர்வீஸ் சென்டரில் செக்கிங் செலவு தனி, பாகம் தனி, வேலைக்கூலி தனி. போன தடவை விளக்கு எரிந்தபோது போனால் "சென்சார் சும்மா காட்டியிருக்கு" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். இந்தத் தடவை அவர் போவாரா? அவருடைய அலட்சியம் சோம்பலில் வந்தது அல்ல, கணக்குப் போட்டு வந்தது. அந்தக் கணக்கு தவறாக இருக்கலாம். ஆனால் சரியாகக் கணக்குப் போடத் தேவையான தகவலை அவருக்கு யார் கொடுத்தார்கள்?

அந்தக் கணக்கு தவறும்போது விலை பெரியது. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. விபத்து வகைகளில் நாட்டில் அதிகமாக நடந்தது பின்னாலிருந்து மோதுவது. நெடுஞ்சாலையில் நூறில் போய்க்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று முப்பதுக்கு இறங்கினால், பின்னால் வரும் லாரிக்கு அது கிட்டத்தட்ட நின்றுவிட்ட சுவர்தான். ராத்திரியில், விளக்கும் போய், வளைவில் நின்றுவிட்டால் சொல்லவே வேண்டாம். அந்த வண்டிக்குள் இருப்பவர் செய்த குற்றம், ஒரு மஞ்சள் படத்துக்கு அர்த்தம் தெரியாதது மட்டும்தான்.

நடுவழியில் பலம் போனால்

முதலில் பதறக் கூடாது. உடனே நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, இருக்கும் வேகத்திலேயே மெல்ல இடது ஓரம் வர வேண்டும். நடுச் சாலையில் பிரேக் போட்டு நிறுத்தி ஸ்டார்ட் செய்து பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

எஞ்சின் முழுதாக அணைந்துவிட்டால் ஸ்டியரிங் கல் மாதிரி கனக்கும். கனக்குமே தவிர திரும்பும். இரண்டு கையாலும் பலமாகத் திருப்ப வேண்டும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஓரிரு அழுத்தலுக்குத்தான் மிச்சம் இருக்கும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக, அழுத்தமாக மிதிக்க வேண்டும். வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போது சாவியை உருவவே கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

நின்றபின் எல்லோரும் இறங்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். வண்டிக்குள் உட்கார்ந்து போன் பேசுவதும், பின்னால் நின்று டிக்கியைக் குடைவதும் ஆபத்து. சிவப்பு முக்கோணத்தை நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்ற எண் இருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் மாதிரி ஒதுங்க இடமில்லாத ஒன்பது சொச்சம் கிலோமீட்டர் பாலத்தில் ஏறுவதற்கு முன்பே விளக்கு மின்னினால், பாலத்தில் ஏறாமல் கீழ்ச்சாலையில் போவது புத்திசாலித்தனம்.

இரண்டாம் கை கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவி போட்டவுடன், ஸ்டார்ட் செய்வதற்கு முன், எஞ்சின் விளக்கு ஒருமுறை எரிந்து காட்ட வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதன் வாயைக் கட்டியிருக்கிறார்கள்! ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும் புளூடூத் ஸ்கேனரைச் செருகினால், பிழை எண்களைக் கடைசியாக அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைக்கூடப் பல வண்டிகள் காட்டிக் கொடுக்கும். நேற்று அழித்திருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

என்ன செய்ய வேண்டும்?

பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. வண்டியோடு தரும் கையேட்டில் விளக்குகள் பற்றிய இரண்டு பக்கத்தையாவது தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம். லைசென்ஸ் தேர்வில் சாலைக் குறியீடுகளோடு டேஷ்போர்டு குறியீடுகளையும் கேட்கலாம். கம்ப்யூட்டர் பலத்தைக் குறைக்கும்போது காரணத்தை ஒரு வரியில் திரையில் காட்ட வேண்டும் என்று விதி போடலாம். புகைச் சான்றிதழ் கொடுக்கும் இடத்தில் சைலன்சரில் குழாயைச் செருகுவதோடு நிற்காமல், அந்தப் பதினாறு ஊசி சாக்கெட்டிலும் ஒரு நிமிடம் செருகிப் பார்க்கலாம். புகைக்காகவே பிறந்த விளக்கைப் புகைச் சோதனையில் கேட்காமல் விடுவது என்ன நியாயம்?

ஓசூருக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை உண்டு. ஐ.டி.ஐ. இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது, பெரிய பெரிய வண்டிக் கம்பெனிகள் இருக்கின்றன. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாலையோர மெக்கானிக்குகளைக் கூட்டி, ஸ்கேனர் படிப்பதைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சொல்லிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? எல்லையில் நிற்கும் ஊர் அது. மூன்று மொழியும் அங்கே தெருவிலேயே கிடைக்கும்.

இனி வருவது மின்சார வண்டிக் காலம், எஞ்சினே இருக்காது, எஞ்சின் விளக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பேட்டரி சூடானாலும், சார்ஜ் இறங்கினாலும் அங்கேயும் கம்ப்யூட்டர்தான் பலத்தைக் குறைக்கும். சில மின்சாரக் கார்களில் அதற்கு ஒரு ஆமை படம் எரியும்! படம்தான் மாறியிருக்கிறது, பழக்கம் மாறவில்லை. எஞ்சின் படத்துக்கு அர்த்தம் சொல்லித் தராதவர்கள் ஆமைக்கும் சொல்லித் தரப் போவதில்லை, கேட்காத வரை.

அதனால் கேட்க வேண்டும். வண்டி வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டும். விளக்கை அணைத்துத் தரும் மெக்கானிக்கிடம், "அண்ணா, என்ன நம்பர் வந்துச்சு, எழுதிக் கொடுங்க" என்று கேட்க வேண்டும். ஜூஜுவாடி ஓரத்தில் போனட்டைத் திறந்துகொண்டு நிற்கும் அடுத்த ஓட்டுநர், அந்த ஒரு நம்பர் எழுதிய துண்டுக் காகிதம் சட்டைப் பையில் இருந்திருந்தால் ஒருவேளை அங்கே நின்றிருக்கவே மாட்டார்.